பதினொரு நிமிடம்

இரண்டு கடிதங்கள், ஒரே நாளில்.
ஈசூனில் எனக்கு, உட்லண்ட்ஸில் இந்துராணிக்கு.
நான் உறையைக் கிழிக்குமுன் அவளே கூப்பிட்டாள்:
"எண்பத்தெட்டு. உனக்கு?"
கேட்கவே வேண்டியதில்லை.
ஒரே கரு பிளந்து ஆன இருவர் நாங்கள்.
ஆய்வுக்கு இரட்டையர் தேவை என்றார்கள்,
போய்க் குழாயில் எச்சில் துப்பிவிட்டு வந்தோம்.
பள்ளியில்கூட நாங்கள் ஒரே மதிப்பெண் வாங்கியதில்லை,
கணக்கில் அவள் எப்போதும் பத்து முன்னே.
இப்போது சமம்,
படிக்காத பாடத்தில்.

ஆலோசகர் ஹுய் ஷான்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினாள்.
நூறு பேரை வரிசையாக நிறுத்துங்கள்,
சர்க்கரை நோய்க்கு வாய்ப்புக் குறைந்தவர் முன்னே,
கூடியவர் பின்னே.
நீங்கள் எண்பத்தெட்டாவது ஆள்.

நான் அந்த வரிசையைப் பார்த்தேன்.
காலை ஏழே முக்கால், ஈசூன் எம்ஆர்டி.
எனக்கு முன்னால் எண்பத்தேழு முதுகுப்பைகள்,
பின்னால் பன்னிரண்டு பேரின் மூச்சு.
யாரும் கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை.
கதவு யாருக்கு நேராகத் திறக்கும் என்று
எண் சொல்லவில்லை.

"பெரிய பிழை ஒன்றும் இல்லை," என்றாள்.
"சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள், ஆயிரக்கணக்கில்.
தனித்தனியே ஒன்றும் செய்யாது.
கூட்டினால் கொஞ்சம் கனக்கும்."
சில்லறை என்று புரிந்துகொண்டேன்,
பிறக்குமுன்பே ஐந்து காசு ஐந்து காசாய்
யாரோ எங்கள் பையில் போட்டுவைத்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.
இந்தக் கணக்குக்காக எண்ணப்பட்டவர்கள்
பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள்.
உங்களைப் போன்றவர்கள் குறைவு,
அதனால் முன்னே பின்னே இருக்கலாம்.
தேக்காவில் ஒருமுறை அளவுக்கு
வேறொருத்தியின் ரவிக்கையைக் கொடுத்துத் தைத்தேன்.
தோளில் சரியாக உட்கார்ந்தது.
அக்குளில் பிடித்தது.

சொல்ல விட்டுவிட்டேன்:
எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருடமாகிறது.
பழுப்பரிசி சாப்பிடுகிறவள் நான்தான்.
சிலேத்தார் நீர்த்தேக்கத்தோரம்
வாரத்தில் நான்கு மாலை நடக்கிறவளும் நான்தான்.
இந்து சாங்கியில், சரக்குப் பிரிவில், இரவு வேலை.
விடிந்ததும் ரொட்டி பிராட்டாவைச் சீனியில் தொட்டுத் தின்பாள்,
தே தாரிக் இரண்டு கிளாஸ்.
அவளுக்கு ஒன்றுமில்லை.

என்ன தப்புச் செய்தேன் என்று
எத்தனை இரவு சமையலறை அலமாரியைத் திறந்து
டப்பா டப்பாவாய் விசாரித்திருக்கிறேன்.
கடிதம் அந்தக் குற்றத்தில் பாதியை
வாங்கி வைத்துக்கொண்டது.
மீதிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோங் பாங் உணவங்காடியில் சந்தித்தோம்.
"கோப்பி ஓ கோசோங்," என்றாள் கடைக்காரரிடம்,
வாழ்நாளில் முதல்முறையாக.
முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தாள்.
நான் மீன் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திடீரென்று என் பையை இழுத்துத் திறந்து
கருவியை வெளியே எடுத்தாள்.
"எனக்கும் குத்து."

நீட்டிய விரல் என் விரல் மாதிரியேதான் இருந்தது,
நகம் மட்டும் கடித்திருந்தது.
முதலில் எனக்கு: ஒன்பது புள்ளி ஒன்று.
ஊசியை மாற்றி அவளுக்கு.
கருவி ஐந்து நொடி யோசித்தது.
அந்த ஐந்து நொடியில் நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்பதை
இங்கே எழுதமாட்டேன்.
ஐந்து புள்ளி மூன்று.

எனக்குப் பதினொரு நிமிடம் மூத்தவள் அவள்.
பஞ்சை விரலில் அழுத்தியபடி கேட்டாள்:
"நான் வெளியே வந்தப்புறம்
உள்ளே தனியா உட்கார்ந்து என்னடி தின்னே?"
சிரித்ததில் அவள் கோப்பி சிந்தியது.

மேசை துடைக்க வந்த சீன அங்கிள்
எங்களை மாறி மாறிப் பார்த்தார்.
"சேம் சேம் ஆ?"
இந்து ஆமாம் என்று தலையாட்டினாள்.
ஈரத்துணிக்கு இடம்விட்டு
நான் கருவியைத் தூக்கிப் பிடித்தேன்.
அவள் எண் கொஞ்ச நேரம் இருந்து
தானாக அணைந்தது.