மைனஸ் இரண்டு

ஃப்ரெஸ்னோவில் நவம்பர்க் கடைசி.
காரைவிட்டுப் பத்தடி நடந்து திரும்பினால்
காரைக் காணோம், பனி.
செல்போன் வெளிச்சத்தை நீட்டிப் பிடித்தபடி
ஆறரை மணி வகுப்புக்கு
ஒவ்வொருவராக வந்து சேர்கிறோம்.

இடைநிலை இயற்கணிதம்.
எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர
முதலில் இதைத் தாண்டி வா என்றது கம்யூனிட்டி காலேஜ்.
எலும்புக்கும் எக்ஸுக்கும் என்ன உறவோ.
பகலெல்லாம் மருந்துக்கடையின் பின்கட்டில்
மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகிறவள் நான்.
முப்பது, அறுபது, தொண்ணூறு.
ஒரு நாளும் தப்பியதில்லை.
அந்தத் திமிரோடுதான் முதல் நாள் வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் டூ வாங், பத்தொன்பது வயது,
தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவன்.
முன்வரிசையில் யெசேனியா.
பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நாளில்
மகளையும் கூட்டி வருவாள்.
அது மேசைக்கடியில் உட்கார்ந்து
கிரயானால் என் ஷூவுக்கு வண்ணம் தீட்டும்.
பெட்ரோசியன் டீச்சர் அதைப் பார்த்ததே இல்லை.
பார்க்காமல் பார்த்துக்கொள்வார்.

அவர் பாலினோமியல் என்பார்.
பல்லுறுப்புக் கோவை, என்னும் எனக்குள் ஒரு குரல்.
இன்ஈக்வாலிட்டி. சமனிலி.
பத்தாம் வகுப்போடு காமர்ஸ் பக்கம் ஓடிப்போனவளை
இருபத்தாறு வருடம் கழித்து
வார்த்தைகள் அடையாளம் கண்டுகொண்டன.
ரூட் என்றதும் மூலம்.
மருந்துக்கடையில் மூலத்துக்கு வேறு அர்த்தம்,
மூன்றாவது அலமாரியில் களிம்பு இருக்கிறது.
நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டான் டூ வாங்.
எந்த மொழியில் சொல்வது.
வேரியபிள் என்றார். மாறி என்று
நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.
"அது என்ன?"
"எக்ஸ்."
"உங்க எக்ஸுக்கு ஏன் இத்தனை வளைவு?"

மூன்றாவது தேர்வில் ஏழாவது கணக்கு:
எக்ஸோடு ஆறைக் கூட்டி
வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸே வருகிறது.
எக்ஸ் என்ன?
இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினேன்.
மூலக்குறியின் கூரை கழன்று விழுந்தது.
ஒரு பக்கமாகத் திரட்டி, காரணிப்படுத்தி,
மூன்று, மைனஸ் இரண்டு,
இரண்டுக்கும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

தாள் திரும்பி வந்தது.
மூன்றுக்கு டிக்.
மைனஸ் இரண்டின் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு.
இரண்டு மார்க் போச்சு.
போட்டுப் பார்த்தாயா, என்று ஓரத்தில் ஒரு கேள்வி.

போட்டுப் பார்த்தேன்.
மைனஸ் இரண்டும் ஆறும் சேர்ந்தால் நான்கு.
நான்கின் மூலம் இரண்டு.
இரண்டு எப்படி மைனஸ் இரண்டாகும்?
ஆகாதுதான்.
ஆனால் ஒரு வரிகூடத் தப்பில்லையே டீச்சர்.
நீங்கள் காட்டிய வழியில் நடந்து வந்துதான்
இது இங்கே நிற்கிறது.

எல்லோரும் போனபின் கேட்டேன்.
இரண்டு மார்க்குக்காக இல்லை என்றேன்.
கொஞ்சம் அதற்காகவும்தான்.
"அது பொய் மூலம்" என்றார் பையை மூடிக்கொண்டே.
"வர்க்கப்படுத்தும்போது கூடவே உள்ளே வந்துவிடும்.
தூக்கிப் போட்டுவிட வேண்டும்."

"தூக்கி எங்கே போடுவது?"

பதினோரு வருடமாக
எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் பிசகாமல் நிரப்புகிறவளின் குரல்
கொஞ்சம் ஓங்கித்தான் போயிருக்க வேண்டும்.
ஜிப் பாதியில் நின்றது.
அழித்திருந்த போர்டுக்குத் திரும்பிப் போய்
அதே கணக்கை மறுபடி எழுதினார்.
மூலக்குறிக்கு முன்னால்
சின்னதாக ஒரு மைனஸ் இழுத்தார்.
"இப்போது போட்டுப் பார்."

பொருந்தியது.

"வேறொரு கேள்விக்குச் சரியான விடை அது.
தேர்வில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை,
அவ்வளவுதான்" என்றார்.
மார்க் திரும்பக் கிடைக்கவில்லை.

வெளியே பனி இன்னும் கெட்டியாகியிருந்தது.
டூ வாங்கின் டிரக் மட்டும்
நான்கு மூலையிலும் மஞ்சள் சிமிட்டிக்கொண்டு நின்றது.
என் கார் கிளம்பும்வரை
அவன் போகமாட்டான் என்று தெரிந்தது.

போர்டை அவர் அழிக்காமலே வந்துவிட்டார்.
காலை எட்டு மணி வகுப்புக்கு வருகிறவர்கள்
பார்ப்பார்கள்.
யார் கேட்ட கேள்வி இது என்பார்கள்.