நாற்பத்தெட்டுத் தகரம்

சபை அறிவித்தல்களை நான்தான் வாசிப்பேன்.
புதன் உபவாச ஜெபம். வெள்ளி சாட்சிக் கூட்டம்.
சிஸ்டர் சலோமியின் மகளுக்குக் குவைத்தில் வேலை, ஸ்தோத்திரம்.
பொகவந்தலாவைக் கிளை பிரிந்துபோனதைப் பற்றி
யாரும் கடையில் நின்று பேச வேண்டாம்.
கடைசியில் எப்போதும் ஒரே வரி:
கூரைக்காக ஜெபியுங்கள்.

பழைய லயத்தின் மூன்று காம்பராவை
இடித்து ஒன்றாக்கிய சபை.
மழையென்றால் மேடையில் வாளி,
கீபோட்டுக்கு மேலே குடை.
குடை பிடிப்பதும் ஊழியம்தான் என்பார்
பாஸ்டர் நெகேமியா, சிரிக்காமல்.

ஞாயிறு நான் டீக்கன்.
சனி ரெஃப்ரி.
மற்ற நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தி.

தேர்தல் வந்தது. வேட்பாளரும் வந்தார்,
மூன்று கட்சி மாறி, அதே மீசையோடு.
வாசலில் விபூதியைக் கைக்குட்டையால் துடைத்து
உள்ளே வந்து அல்லேலூயா என்றார்.
நாங்களும் என்றோம்.
யார் சொன்னாலும் திருப்பிச் சொல்வது எங்கள் பழக்கம்.
நாற்பத்தெட்டுத் தகரம், என்றார். கூடவே
தன் அப்பா பெயரில் ஒரு கிண்ணம்:
மேல்கணக்கும் கீழ்கணக்கும் பந்தாட்டம்.
மேல்கணக்கில் அவருக்கு வோட்டு; எங்கள் சபையும் அங்கேதான்.
தகரத்தையும் கிண்ணத்தையும் யாரும் முடிச்சுப் போடவில்லை.
நான்தான் போட்டேன், எனக்குள்ளே.

சரிவான மைதானம்.
மூலையில் பந்து போனால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும்.
இரண்டாம் பாதியில் மூட்டம் வந்து
ஒரு கோலில் நின்றால் மறு கோல் தெரியாது.
கடைசி நிமிஷத்தில் பாய்ந்தான்
பாஸ்டரின் மகன் ஜெபநேசன்.
தலையில் பட்டால் ஒரு சத்தம்,
கையில் பட்டால் வேறு.
பதினாறு வருஷம் விசில் கடித்தவனுக்குத் தெரியாதா?
விசில் வாயில் இருந்தது.
மூச்சும் இருந்தது.
அந்த மூச்சுக்குள்
நாற்பத்தெட்டுத் தகரம் நனைந்து மின்னியது.
நடுவட்டத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.
கோல்.

கீழ்கணக்குக் கோலி லோகிதன் கத்தவில்லை.
கையுறையில்லாத கையைத் தூக்கி
மணிக்கட்டுக்கு மேலே இரண்டு முறை தட்டிக் காட்டினான்.
நான் மூட்டத்தைப் பார்த்தேன்.

கொழுந்து மடுவத்தில் சாக்குக் கழிவென்று
ஆளுக்கு ரெண்டு கிலோ வெட்டுகிற கணக்கப்பிள்ளைக்கு எதிராக
மூன்று பெட்டிஷன் எழுதியவன் நான்.
கள்ளத்தராசைப் பற்றி வாலிபர் கூட்டத்தில்
ஒரு மணி நேரம் பேசியவன்.
என் மனைவி பதினெட்டு எடுத்துப்
பதினாறுக்குக் கையெழுத்து வைக்கும்போது
பல்லைக் கடித்தவன்.
அன்று
ஒரு முழுக் கணக்கையே வெட்டினேன்.

தகரம் வந்தது.
தோற்றிருந்தாலும் வந்திருக்குமாம்.
முந்தின நாளே ஹட்டனில் ஏற்றியாயிற்று என்று
தேத்தண்ணி குடித்தபடி சொன்னான் லொறிக்காரன்.

வெள்ளிக்கிழமை சாட்சிக்கு எழுந்தேன்.
அது கை, என்றேன்.
நான் பார்த்தேன்.
அந்நேரம் பார்த்து மழை.
நாற்பத்தெட்டும் ஒரே குரலில் இரைந்தன.
என் வாய் அசைந்து நின்றதைக் கண்டு
சபை அல்லேலூயா என்றது.
குடையில்லாத கீபோட் பையன்
சந்தோஷமாய்க் கோரஸைத் தொடங்கினான்.
இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.
உட்கார்ந்தேன்.
வாளி வைத்திருந்த இடத்தில்
வட்டமாய் ஒரு துருக்கறை.

திங்கள் காலை பிரட்டுக்களத்தில்
லோகிதன் பக்கத்தில் வந்து நின்றான்.
"அண்ணே, அது கைதானே?"
"கைதான்."
"கோயில்ல சொன்னீங்களா?"
"சொன்னேன். மழை."
என் காலணியைப் பார்த்தான். மலையைப் பார்த்தான்.
"மழை எங்க பக்கமும் பெஞ்சிச்சு,"
என்று சொல்லிவிட்டுக்
கத்தி தீட்டப் போனான்.