மூணு புள்ளி, ஒரு கோடு

மூணு புள்ளி, கீழே ஒரு கோடு:
செல்லூர் மிட்டாய்க்கடைக்காரர் வீடு.
பெருக்கல் குறி, பக்கத்தில் ஒற்றைப் புள்ளி:
அரசரடி வக்கீல்.
காலரின் உள்பக்கம், வேட்டியின் ஓரம்,
சேங்கொட்டை மையில் அம்மா போடும் குறிகள்.
வைகையில் தண்ணீர் வந்தால் ஆற்றில்,
வராவிட்டால் போர்த்தண்ணீர்த் தொட்டியில்,
எங்கே அடித்தாலும் போகாது.
ஒருமுறை என் மணிக்கட்டில் பட்டுக் கொப்புளித்தது.
வடு இருக்கிறது.

முந்நூற்றுப் பதினாறு வீடு.
அம்மா கைநாட்டு.
ஒரு துண்டுகூட இடம் மாறிப் போனதில்லை.
மாறியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று
எங்களுக்குத் தெரியும்.

தாலுகா ஆபீசில் எங்களுக்கும் ஒரு குறி உண்டு.
அதை ஒரு தாளில் எழுதி வாங்க
அப்பா பதினோரு தடவை போனார்.
பன்னிரண்டாம் தடவை நான் போனேன்.

பாலிடெக்னிக், இரண்டாம் வருடம்,
மின்விசிறி ஓடாத கம்ப்யூட்டர் லேப்.
பலகையில் கட்டம் போட்டு மேடம் சொன்னார்:
"ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம் வேணும்.
ரெண்டுக்கு ஒண்ணே வரக் கூடாது.
பேர் மாறலாம், விலாசம் மாறலாம்,
அது மாறக் கூடாது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இதற்கா இத்தனை பக்கம்?

அன்று முதலில் முடித்தது நான்தான்.
"எங்கடி கத்துக்கிட்ட?" என்றாள் ஷோபிகா.
"யூடியூப்ல."

அந்த ஒரு சொல்
ஆரப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.
கரையில் இறங்கினால்
கொடி நெடுக வெள்ளைச் சட்டைகள்,
காலரைத் திருப்பிக்கொண்டு,
என்னுடையது இது, என்னுடையது இது என்று.
நான் மட்டும் மடித்து மறைத்து வந்திருந்தேன்.

சோடாவில் தோலுரிந்த விரல்களை
யாரும் அழகென்று எழுத வேண்டாம்.
இந்தத் தொழில் அம்மாவோடு முடியட்டும்.
கணக்கு மட்டும் என்னோடு வரட்டும்.

புராஜெக்டில் முதல் பத்திக்கு
'குறி' என்று பெயர் வைத்தேன்.
என்ன அது என்றாள் ஷோபிகா.
சொன்னேன்.
ரிக்கார்டு நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்,
மணி அடித்த பிறகும்.

நேற்று எங்கள் வரிசைக் கடைசி வீட்டு அபிசங்கரி,
பத்தாவது பாஸ், கதவோரம் நின்றாள்.
"அக்கா, கம்ப்யூட்டர் ரொம்பக் கஷ்டமா?"
தலை நிமிராமல் கேட்டேன்:
வட்டம், உள்ளே ரெண்டு கோடு?
"கோரிப்பாளையம் டாக்டரம்மா."
வட்டம், ஒரு கோடு?
"அவங்க மாமியார். தனியாப் போயிட்டாங்க."

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.
ஆதாரும் மார்க் ஷீட்டும் எடுத்துக்கிட்டு
காலையில எட்டு மணிக்கு வா.
சர்டிபிகேட்டுக்கு
தாலுகா ஆபீசில் எந்த ஜன்னல் என்று
எனக்குத் தெரியும்.