வலது கால்

பசல்ஸ் லேன், மாலை ஐந்து ஐம்பது.
மணிக்கு நாலு கிலோமீற்றர் வேகத்தில் வந்த கார்
தானாய்ப் பாய்ந்தது என்கிறார் குலநாயகி.
தானாய் என்ற சொல்லுக்கு
என் படிவத்தில் இடமில்லை.

லொத்தர்க் கூண்டு சரிந்து
நாளைக்கு விழவேண்டிய அதிர்ஷ்டமெல்லாம்
கானுக்குள் மிதந்ததாம்.
சீட்டு விற்ற ஜயலத்துக்கு
இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.
களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி
சிங்களத்தில் சொன்னார்:
அந்த அம்மாவின் வாய் திறந்திருந்தது,
சத்தம் வரவில்லை.
காரிலிருந்தும் வரவில்லை.

பெட்டியைக் கழற்றி மடிக்கணினியில் மாட்டினேன்.
கடைசி ஐந்து விநாடி, அரை விநாடிக்கு ஒரு வரி.
அக்சிலேற்றர்: பூச்சியம், பூச்சியம், ஆறு,
தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது.
பிறேக்: இல்லை. இல்லை. இல்லை.
முகாமையாளர் தோளுக்கு மேலால் வாசித்து
"பிறகென்ன" என்றார்,
தேத்தண்ணிக்குப் போனார்.

பிறகென்ன?
அந்தப் பெட்டி ஒருநாளும் காலைக் கண்டதில்லை.
மிதியின் அடியில் இரண்டு உணரிகள்.
ஒன்று சொல்வதில் பாதியை மற்றது சொல்லவேண்டும்,
பொய்யென்றால் பிடிபடும்.
ஆனால் இரண்டும் குடிப்பது
ஒரே கிணற்றில், ஒரே ஐந்து வோல்ற்.

பின்னால் வந்த ஓட்டோக்காரர் பாயிஸ்
சிவப்பு லைற் எரிந்ததைக் கண்டவராம்.
"அல்லாஹ் மேல் ஆணை, பிறேக் லைற்தான்."
அடுத்த நாள் அதே நேரம் அங்கே போய் நின்றேன்.
கடலுக்கு மேல் ஒரு முழத்தில் சூரியன்.
லேனில் நின்ற எல்லாக் காருக்கும்,
பூட்டிக் கிடந்தவைக்கும்,
பின்னால் சிவப்பு எரிந்தது.

சின்னப் பற்றரி பஞ்சிகாவத்தைச் சாமான், வயது தெரியாது.
சுக்கானை முழுக்க ஒடித்தால்
பன்னிரண்டு வோல்ற் ஒன்பதரைக்கு இறங்குகிறது.
அந்தப் பள்ளத்துக்குள்
கணினி எதையோ தப்பாய்க் கேட்டிருக்குமோ?
நூற்றுப் பதினேழு தடவை ஒடித்தேன்.
நூற்றுப் பதினேழு தடவையும் கார் நல்ல பிள்ளை.

ஸ்ராட் பண்ணும்போதெல்லாம்
ஒரு பெண்குரல் ஜப்பானில் என்னவோ சொல்லும்.
ஆறு வருடமாய்ச் சொல்கிறது.
"நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு எடுப்பன்"
என்றார் குலநாயகி.
அதைப் பதிந்து, நெஞ்சிடிக்க,
நுகேகொடையில் அந்த மொழி படிப்பிக்கும் ஒருத்திக்கு அனுப்பினேன்.
இரவே பதில் வந்தது:
"நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை."
அவ்வளவுதான்.
இந்த ஊரில் இல்லாத ஒரு சாலைக்கு
இல்லாத ஓர் அட்டை.

"முப்பது வருசம் மெஷின் மிதிச்ச கால், தம்பி.
எது எந்த மிதியெண்டு அதுக்குத் தெரியாதோ?"
தையல் மெஷின் நிற்கக் காலை எடுத்தால் போதும்.
கார் நிற்க அழுத்தவேண்டும்.
இது அவருக்குச் சார்பா, எதிரா?
இரண்டு மணிவரை புரண்டு படுத்தேன்.
எந்தப் பக்கம் பிடித்தாலும்
துணி பொருந்துகிறது.

"தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.
அப்படியொரு தெரிவு கிடையாதென்று
சிவப்பு மையில் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை, கையொப்பம் வாங்கக் கடைக்குப் போனேன்.
ஜயலத்துக்குக் காற்சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.
மாக்கட்டு நுழைய, ஒரு காலுக்கு மட்டும்
பக்கவாட்டில் திறப்பு, ஏழு பொத்தான்.
மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன்,
தொழில் பழக்கம்.
வலது கால் செருப்போடு ஓரமாய் ஒதுங்கியிருக்க
இடது காலால் மிதிக்கிறார்.
தையல் கொஞ்சம் கோணல்.

"பிறேக்கைத்தான் மிதிச்சனான்" என்றார்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.