ஒரு கட்டத்தில் மட்டும்

பைன்டவுனில் ஜனவரி.
கீழே காலணி ஆலை.
பசையின் நெடி படியேறி வந்து
என் தேநீரில் உட்கார்ந்திருக்கிறது.

இருநூற்றுப் பதினொரு பேர்.
பதினைந்தாம் தேதிக்குள் அரசுக்கு எண்ணிச் சொல்ல வேண்டும்:
ஆப்பிரிக்கர் எத்தனை, கலர்ட் எத்தனை,
இந்தியர் எத்தனை, வெள்ளையர் எத்தனை,
யார் எந்தப் படியில், என்ன சம்பளத்தில்.

நோக்கம் எனக்குத் தெரியும்.
நானேதான் விளக்கினேன் கேன்டீனில்,
சமோசாத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு:
"அன்று பிரிப்பதற்கு எண்ணினார்கள்.
இன்று சரிசெய்ய எண்ணுகிறோம்."
கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள்.
அது வெறும் இருமல்தானா என்று
இன்னும் யோசிக்கிறேன்.

இருநூற்றுப் பத்து படிவங்கள் சரி.
ஒன்றில் மட்டும்
பெயர் உண்டு, ஊழியர் எண் உண்டு,
அழுத்திப் போட்ட கையெழுத்து உண்டு.
நான்கு கட்டங்களும் வெறுமை.
கிளாரன்ஸ் முனியன்,
அச்சில் தோல் இழுக்கும் பிரிவு,
நாற்பத்திரண்டு வருடம்.

சொல்ல மறுத்தால்
பழைய பதிவைப் பார்த்து நிரப்பலாம்.
விதியில் இடமிருக்கிறது.

கிடங்கின் இரும்பு அலமாரி
மூன்றாவது உதைக்குத்தான் திறந்தது.
எண்பத்து மூன்றாம் வருடத்துப் பழுப்பு அட்டை:
முனியன், கிளாரன்ஸ். கலர்ட்.
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று:
முனியன், ராஜமாணிக்கம். இந்தியர்.
இரண்டிலும் அதே தாய்,
அதே தகப்பன்,
அதே பேனாவின் நீலம்.
முகவரி மட்டும்
ஒன்று வென்ட்வொர்த், ஒன்று மியர்பேங்க்.
நடுவே ஒரு சாலை.
ஒட்டியிருந்ததைப் பிரித்தபோது
தாளின் தோல் உரிந்தது.

இதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும்,
சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.
பத்திகளை வரிசைப்படுத்தியபோது
நோக்வாசி ஹடேபே மேலே வந்தாள்.
தையல் பிரிவு, பத்தொன்பது வருடம்,
ஏறாத அதே படி.
அவளிடம் வேலை கற்ற மூவர்
இன்று அவளுக்கு மேற்பார்வையாளர்கள்.
மூவரும் என் கட்டத்துக்காரர்கள்.
ஒருத்தியின் வளைகாப்பில் நானே சந்தனம் பூசியிருக்கிறேன்.
தினமும் அந்தத் தையல் வரிசையைக் கடந்துதான்
மாடி ஏறுகிறேன்.
அட்டவணை காட்டும்வரை
கண்ணுக்குப் படவில்லை.
அவள் வரியை மஞ்சளாக்கி
மேலாளருக்கு அனுப்பினேன்.
"அடுத்த காலாண்டில் பார்ப்போம்" என்று பதில்,
கூடவே ஒரு கட்டைவிரல்.
அடுத்த காலாண்டின் முதல் நாளை
நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே எண்ணாதே என்று
என்னால் சொல்ல முடியாது.
எண்ணு என்று சொல்லவும்
அந்த அட்டைகள் விடவில்லை.

கீழே போனேன்.
முனியன் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.
"அந்த அட்டை இன்னும் இருக்கா?"
"இருக்கு."
"தம்பியோடதும்?"
"ஒட்டிக்கொண்டிருந்தது."
ஒரு ஷூவின் மூக்கை
முழுதாக இழுத்து ஆணியடித்து முடித்தார்.
"எழுதிக்கோ மேடம்.
ஆனா நான் சொன்னேன்னு எழுதாதே.
நீ எழுதினேன்னு எழுது."

மாலை ஐந்தேகால்.
சங்கு ஊதி, பேருந்துகள் போயாயிற்று.
அட்டையில் இருந்ததையே
ஒரு கட்டத்தில் இட்டேன்.
பக்கத்தில் ஒரு பத்தி உண்டு,
யாரும் நிரப்பாதது: தகவலின் மூலம்.
அங்கே என் பெயரை அடித்தேன்,
சரோஜினிதேவி படையாச்சி.
இருபது எழுத்துக்கு மேல் இடமில்லை என்று
குடும்பப் பெயரைப் பாதியில் வெட்டிவிட்டு
ஏற்றுக்கொண்டது கணினி.