முப்பத்திரண்டு அவுன்ஸ்

முன்பு இது டயர்க் கடை.
இப்போது சுவர் முழுக்கக் குழாய்கள், நாற்பது.
ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு சின்னத் திரை:
பீரின் பெயர், போதையின் சதவீதம்,
அவுன்ஸுக்கு எத்தனை காசு.
வாசலில் அட்டை பார்த்து வயது பார்த்து
மணிக்கட்டில் பட்டை கட்டுவேன்.
"நீங்களே ஊற்றிக்கொள்ளலாம்" என்பேன்,
ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

பதினோரு வருஷம் நானே ஊற்றியவள்.
கிளாஸை எவ்வளவு சாய்க்கணும், எப்போது நிமிர்த்தணும்
என் மணிக்கட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
இப்போது அந்த மணிக்கட்டு மேஜை துடைக்கிறது.
வந்தவர்கள் நுரையைப் பிடித்து
நுரைக்குக் காசு கொடுத்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.
யாரைக் குறை சொல்ல? ஊற்றியவர் அவரே.
முதலாளிக்கு இதில் பிடித்ததே அதுதான்.

எனக்கும் சிலது பிடிக்கும், பொய் சொல்லவில்லை.
பெண்கள் தனியாக வருகிறார்கள்.
இரண்டு அவுன்ஸ் ருசித்து, முகம் சுளித்து,
அடுத்த குழாய்க்குப் போகிறார்கள்.
"ஏய் அழகி" என்று என்னை யாரும்
விரல் சொடுக்கிக் கூப்பிடுவதில்லை.

ஒன்றே ஒன்று:
முப்பத்திரண்டு அவுன்ஸ் ஆனதும் பட்டை செத்துவிடும்.
திரை சிவக்கும். ஊழியரை அழைக்கவும்.
நான் போகணும். கண்ணைப் பார்க்கணும்,
நாக்கு குழறுகிறதா என்று கேட்கணும்.
அதற்கு ஒரு கேள்வி வேண்டும்.
"எப்படி இருக்கீங்க?"
விதிமுறைப்படி.

ரெய்னோ லம்பினனுக்குத் தூக்குப்பாலத்தில் வேலை.
டுலூத் துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போது ஊதும்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
மேலே தன் அறையிலிருந்து அவரும்
அதே அளவில் பதில் ஊதுவார்.
ஜனவரியில் ஏரி உறைந்தது.
பல்சக்கரங்களுக்கு எண்ணெய் போடலாம்,
ஊத ஆளில்லை.
அப்புறம்தான் இங்கே வர ஆரம்பித்தார்.
தினம் ஐந்தரை. பத்தொன்பதாம் குழாய்.
ஏழு மணிக்குச் சிவப்பு.
"எப்படி இருக்கீங்க ரெய்னோ?"
கழுவித் துடைத்த கிளாஸ் போலக் கண்கள்.
"முழங்கால் பரவாயில்லை.
அக்கா மகள் ஃபார்கோவுக்குப் போயிட்டா.
கட்டிலையும் ஏத்திட்டுப் போயிட்டா."
பட்டையைத் திறந்துவிடுவேன்.
திறந்த பிறகு அவர் ஒரு சொட்டும் ஊற்றியதில்லை;
கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் போய்விடுவார்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், கூட்டமில்லை.
இந்தக் கோடியில் தட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்.
அந்தக் கோடியில் அவர்,
கிளாஸ் மேஜைமேல் கவிழ்ந்திருக்க,
வெறும் குழாயை இழுத்துப் பிடித்து நின்றார்.
பீர் நேராகத் தட்டுக்குள், தட்டிலிருந்து சாக்கடைக்குள்.
திரையில் பெட்ரோல் பங்க் போல எண் ஏறியது:
இருபது, இருபத்தொன்று.
பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்கினேன்.
அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.
சிவப்பு எரிந்தது.

போனேன். கேள்வி வாயில் வரவில்லை.
என் பட்டையைக் குழாயில் காட்டினேன்,
அவர் கிளாஸை நிமிர்த்தி எடுத்து,
சாய்த்து, நிமிர்த்தி,
ஒரு விரல் அகல நுரையோடு முன்னால் வைத்தேன்.
திரையில் என் பெயர் விழுந்தது:
ஸிக்னி, பதினாறு அவுன்ஸ், ஒன்பது டாலர் சொச்சம்.
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ரொம்ப நாளாச்சு" என்றார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு மாலை,
பீப்பாய் மாற்றப் பின்கதவைத் திறந்திருந்தேன்.
ஏரிப் பக்கமிருந்து
ஒரு நெடில், இரண்டு குறில்.
பாலத்திலிருந்து, கொஞ்சம் அவசரமாய், அதே.
ஈரக் குழாயோடு நின்றேன்,
எதிரொலி ஓய்கிறவரை.

உள்ளே ஏழாம் குழாயில் சிவப்பு.
கல்லூரிப் பையன், போனில் புதைந்த முகம்,
பட்டைக் கையை மட்டும் நீட்டினான்.
"எப்படி இருக்கே?"
நிமிர்ந்தான்,
பின்னால் திரும்பிப் பார்த்தான்,
வேறு யாரையாவது கேட்டேனோ என்று.