குன்றைச் சுரண்டும் வேலை

டார்செட் பக்கம் என் வேன் போகாத பண்ணை குறைவு.
குழாய், பாய்லர், அடைத்துக்கொண்ட வால்வு.
எல்லாவற்றுக்கும் ஒரே நோய்தான்:
சுண்ணாம்பு.

இங்கே குன்றுகள் நிமிர்ந்து நிற்பதில்லை.
படுத்துக்கிடக்கும் பசுவின் விலாபோல
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
முடிந்தேன் என்று எங்கும் சொல்லாமல்
கடல்வரை போகின்றன.
புல்லை லேசாகக் கீறினால் வெள்ளை.
முயல் வளை வாசலில்
யாரோ மாவு சிந்தியதுபோல் வெள்ளை.
அக்டோபர் உழவு முடிந்ததும்
வயலா கடலா என்று
கடற்காகம்கூட ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும்.

ஹாலெட் கிழவர் எழுதிவைத்த உயிலில்
தெற்குச் சரிவு மூத்தவன் மெர்வினுக்கு.
ஏப்ரலில் அங்கே கவ்ஸ்லிப் பூத்து
குன்றே மஞ்சளாகிவிடும்.
வடக்குச் சரிவு லைனலுக்கு.
நிழல், ஈரம்,
மண் கழுவிப்போய்ப் பல்லைக் காட்டும் பாறை.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில்...
மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

உச்சியில் வேலி. பதினோரு வருடம்.
செம்மறிகள் மட்டும்
கம்பிக்கு இருபுறமும் நின்று
மூக்கோடு மூக்கு வைத்துப் பேசுகின்றன.

செவ்வாய் மெர்வின் வீடு. புதன் லைனல் வீடு.
"அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி?"
இருவரும் கேட்பார்கள்,
என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து.
"வருகிறது" என்பேன்.
குழாய்க்காரிக்கு அதற்குமேல் வாய் கூடாது.

கைக்குத்தான் எல்லாம் தெரியும்.
அங்கே பெய்யும் மழை
வேலி பார்த்துப் பிரிவதில்லை.
உள்ளே இறங்கி
மாதக்கணக்கில் இருட்டில் யோசித்து
ஒரே ஊற்றாய்த் தேங்கி
இரண்டு குழாயில் ஏறி
இரண்டு கெட்டிலில் கொதித்து
அடியில் குன்றை விட்டுவிட்டுப் போகிறது.

சுரண்டிய செதில்களை
ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு வருகிறேன்.
எது யாருடையது என்று கேட்டால்
எனக்கே தெரியாது.

நேற்றிரவு ஒரு கைப்பிடி எடுத்து
வினிகர் ஊற்றிப் பார்த்தேன், சும்மா.
சீறியது.
ஒரு காலத்தில் கடலாக இருந்தது
நினைவுக்கு வந்துவிட்டதுபோல நுரைத்தது.
அடங்கும்வரை காதை வைத்துக் கேட்டேன்.
பிறகு சிங்க்கில் கொட்டிக் கழுவினேன்.

காலையில் போன்.
மெர்வினின் பாய்லர் மறுபடி ஒழுகுகிறதாம்.
பத்து நிமிடம் கழித்து
லைனலுடையதும்.